வன்னி வீதிக்கு எந்த கிரேட் கெப் எடுப்பது?

காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வரும் மாதங்களில், மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் யாரைச் சந்தித்தாலும் பேச்சு வாகனத்தில் வந்து நிற்கும். இப்போது அது இன்னும் கூடிவிட்டது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தபோது, அதுவரை பொறுத்திருந்தவர்கள் எல்லாம் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். வரியையும் சேர்த்துப் பார்த்த பிறகு பலர் பழைய டபுள் கெப் (இரண்டு வரிசைச் சீட்டும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள வண்டி) பக்கமே திரும்பினார்கள். நாங்களும் அப்படித்தான்.

எந்தக் கம்பனி என்று எல்லாரும் கேட்கிறார்கள். எந்த கிரேட், அதாவது ஒரே மொடலில் வசதிக்கேற்ப வரும் எந்த வகை, என்று கேட்பவர் குறைவு. ஒரே வருடம், ஒரே எஞ்சின், ஒரே சசி, ஆனால் பின்கதவில் ஒட்டியிருக்கும் பெயரைப் பொறுத்து விலை பல லட்சம் ஏறி இறங்குகிறது. எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் ஓடிய விவாதமே இதுதான். எனக்கு இதில் தெளிவான ஒரு கருத்து இருக்கிறது: பிறகு பூட்ட முடியாத சாமானுக்கு மட்டும் கம்பனிக்குக் காசு கொடுங்கள். பிறகு பூட்டக்கூடியதை உங்கள் வசதிப்படி பூட்டிக்கொள்ளலாம்.

முதலில் எங்கள் தேவையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். எங்களுக்கு வவுனிக்குளத்தின் கீழ் வயல். அதைத் தாண்டிக் காட்டோரமாக ஒரு மேட்டுக்காணி, அதில் கச்சானும் உழுந்தும். காலையில் பால் கான்கள் ஏற்ற வேண்டும், போகம் தொடங்கினால் உர மூட்டை, பிறகு நெல் மூட்டை, இடையில் அம்மாவைக் கிளினிக்குக்குக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாங்குளம் வெள்ளாங்குளம் வீதியில் இருந்து இறங்கினால் கிரவல். கிரவல் முடிந்தால் வாய்க்கால் கரை. அதுவும் முடிந்தால் களி. ஐப்பசி கார்த்திகையில் அந்தக் களி ரயரைச் சுற்றி அப்பிக்கொண்டால், ரயரில் பூ இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: கலியாணத்துக்கு முதல் நான் மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் வாகனப் பகுதியில் பதிவேடு எழுதினேன். எந்த வண்டி எங்கே போனது, எங்கே புதைந்தது, என்ன உடைந்தது, எவ்வளவு செலவு என்று எல்லாம் என் கையால் எழுதியது. அங்கே நின்றவை பெரும்பாலும் டொயோட்டா லாண்ட் குரூசர் 70 வரிசை. 4.2 லீட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத 1எச்இசட் டீசல் எஞ்சின். ரெக்சின் சீட், கையால் சுற்றும் கண்ணாடி, இரும்பு ரிம், உள்ளே ரியூப் போட்ட 16 அங்குல ரயர். பின்னேரம் திரும்பி வந்ததும் கதவைத் திறந்து குழாய்த் தண்ணீரால் உள்ளேயே கழுவி விடுவார்கள். அந்த வரிசையில் அதைவிட எளிய கிரேட் கிடையாது. முகமாலை மணலிலும் முல்லைத்தீவுக் களியிலும் மழை வெயில் பார்க்காமல் வேலை செய்தவை அவைதான். மூத்த சாரதி ஐயா ஒருவர் புது வண்டி வந்தால் கதவைத் திறக்க மாட்டார். முதலில் குனிந்து அடியைப் பார்ப்பார். நானும் அந்தப் பழக்கத்தில் வந்தவள்.

அடியில் என்ன பார்ப்பது? முதலாவது, அது உண்மையிலேயே நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியா என்பது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைக்காதீர்கள். ஃபோர்ட் ரேஞ்சரில் ஹை-ரைடர் என்று ஒன்று இருக்கிறது, டொயோட்டா ஹைலக்ஸில் ப்ரீரன்னர் என்று ஒன்று. இரண்டும் ஃபோர் வீல் வண்டியின் உயரத்தோடு நிற்கும், தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் இழுப்பது பின் சக்கரம் மட்டும். அதிலேயே நல்ல ரிம்மும் பெரிய திரையும் போட்ட மேல் கிரேட்டும் வரும். A9 பிரதான வீதியை விட்டு இறங்காதவருக்கு அது போதும். வயலுக்குப் போகிறவருக்கு, திரை இல்லாத ஃபோர் வீல் அதைவிட எத்தனையோ மடங்கு பெறுமதி.

இரண்டாவது லோ கியர். இழுவையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியில் இருக்கும் அந்தக் குறைந்த கியரைப் போட்டால், இந்த கெப்களில் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகக் கூடும், வேகம் அதே அளவுக்குக் குறையும். நெல் மூட்டையோடு வாய்க்கால் கரையில் இருந்து வீதிக்கு ஏறும்போது கிளட்ச் கருகாமல் ஏறுவது இதனால்தான்.

மூன்றாவதுதான் கிரேட்டுக்குக் கிரேட் மாறுவது: பின் டிஃப் லொக். பின் அச்சின் நடுவில் இருக்கும் கியர்த் தொகுதிதான் டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமான இழுவையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் வாய்க்காலுக்குள் தொங்கினால் அது சும்மா சுற்றும், அதற்குத் தேவைப்படும் சின்ன இழுவைதான் நிலத்தில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி அசையாது. லொக்கைப் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றியே ஆக வேண்டும், நிலத்தில் நிற்கிற சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும். லொக் இல்லாத கிரேட்களில் சுற்றும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மற்றப் பக்கத்துக்கு இழுவையை அனுப்பும் மின்னணு ஏற்பாடு இருக்கும். கிரவலிலும் மணலிலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது வேலை செய்யத் தொடங்குவதற்குச் சக்கரம் கொஞ்சம் சுற்ற வேண்டும். எங்கள் களியில் அந்தக் கொஞ்சத்துக்குள் ரயர் தனக்கு ஒரு குழியைத் தோண்டிவிடும். அதனால் களி நிலத்துக்காரர் லொக் இருக்கிற கிரேட்டைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. அது எந்த கிரேட்டில் வரும் என்பது நாட்டுக்கு நாடு, வருடத்துக்கு வருடம் மாறும். பெயரை நம்பாமல், அந்த வண்டியின் டாஷ்போர்டில் லொக் பொத்தான் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

மிட்சுபிஷி எல் 200 எடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பல நாடுகளில் கீழ் கிரேட்டுக்கு ஈசி செலக்ட், மேல் கிரேட்டுக்கு சூப்பர் செலக்ட் என்று இரண்டு வகை ஃபோர் வீல் போடுகிறார்கள். ஈசி செலக்ட்டில் நாலு சக்கரத்தையும் கார்ப்பெட் வீதியில் போட்டு ஓடக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், அதை விட்டுக்கொடுக்க நடுவில் ஒன்றும் இல்லாததால் பாகங்கள் இறுகும். சூப்பர் செலக்ட்டில் நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல் இருக்கிறது, மழையில் A9 வீதியில் கூட நாலு சக்கரத்திலும் ஓடலாம். இதற்காக ஒரு கிரேட் மேலே போவதை நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். அதைப் பிறகு எந்தக் கராஜிலும் பூட்ட முடியாது.

சரி, எங்கள் வீட்டு விவாதத்துக்கு வருகிறேன். கடைசியில் எங்கள் முன்னால் நின்றவை இரண்டு ரேஞ்சர்கள். ஒன்று நடு கிரேட்டான எக்ஸ்எல்டி, மற்றது மேல் கிரேட்டான வைல்ட்ட்ராக். இரண்டிலும் 2.2 லீட்டர் டீசல், 160 குதிரைவலு. இரண்டிலும் லோ கியர். இரண்டுக்கும் பின் லொக். தண்ணீருக்குள் இறங்கக்கூடிய ஆழமாகக் கம்பனி சொல்வதும் இரண்டுக்கும் ஒன்றே, 800 மில்லிமீட்டர். விலை வித்தியாசம் 18 லட்சம். தம்பி முழுக்க முழுக்க வைல்ட்ட்ராக் பக்கம்.

"அக்கா, விக்கேக்க ஃபுல் ஒப்ஷனுக்குத்தான் ஆள் வரும். நாளைக்கு அந்தக் காசு திரும்பி வரும்தானே."

அவன் சொன்னதில் பாதி சரி. மேல் கிரேட்டை வாங்க ஆள் வேகமாக வரும். ஆனால் அந்த 18 லட்சத்தை நாங்கள் லீசிங்கில்தான் எடுக்க வேண்டும், அதற்கான வட்டியை விற்கும்போது யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அந்த வட்டிக் காசை ஒரு பேப்பரில் எழுதி அவனிடம் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பிள்ளை, இந்தக் காசுக்கு இன்னொரு பசு வாங்கலாம்." உண்மையில் ஒன்றுக்கு மேலேயே வாங்கலாம்.

அந்தப் 18 லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெட்டிக்கு மேலே வளைந்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் பார்: எங்களுக்கு அது இடைஞ்சல், நீளமான பிவிசி குழாய்களைக் கெபினுக்கு மேலால் வைக்க விடாது. பெட்டியைச் சுருட்டி மூடும் மூடி: சுருட்டினால் அது போய் உட்கார ஒரு பெட்டகம், பால் கான் நிற்கும் இடத்தைப் பிடிக்கும். தோல் போட்ட சீட்: சேற்று உடுப்போடு ஏறுகிறவர்களுக்கு எக்ஸ்எல்டியின் துணிச் சீட்டுக்கு ரெக்சின் உறை தைத்தால் போதும், தரையில் ரப்பர் விரிப்புப் போடலாம். பின்பக்கக் கமரா: வரம்பில் பின்னுக்கு எடுக்கும்போது நிச்சயம் தேவை. ஆனால் அது வெளியில் வாங்கிப் பூட்டக்கூடியது, கிளிநொச்சியிலேயே பூட்டுகிறார்கள்.

பிறகு ரிம். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேல் கிரேட் வாங்கி வன்னியில் ஓடுகிறவர்கள் அதிகம் துன்பப்படுவது இதில்தான். அந்தத் தலைமுறை ரேஞ்சரில் கீழ் கிரேட்டான எக்ஸ்எல்லுக்கு 255/70 ஆர் 16, எக்ஸ்எல்டிக்கு 265/65 ஆர் 17, வைல்ட்ட்ராக்குக்கு 265/60 ஆர் 18 ரயர் வரும். முதல் எண் ரயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது ரப்பரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். கணக்குப் பண்ணிப் பாருங்கள். ரயரின் மொத்த உயரம் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே, வைல்ட்ட்ராக் அதனால் நிலத்தில் இருந்து உயர்ந்து நிற்கப் போவதில்லை. ஆனால் ரிம்முக்கும் நிலத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் 16 ரிம்மில் 178 மில்லிமீட்டர், 17 ரிம்மில் 172, 18 ரிம்மில் 159. மாரி முடிந்த கிரவல் வீதியில் ஒவ்வொரு குழியிலும் ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான். களியிலும் மணலிலும் காற்றைக் குறைத்து ஓடும்போது அகலமாக விரிந்து பிடி தருவதும் அதுதான். அலோய் ரிம் பலமான அடியில் வெடிக்கும். இரும்பு ரிம் நெளியும், மாங்குளத்தில் கராஜ் அண்ணை தட்டி நிமிர்த்தித் தருவார். ரயர்க் கடையில் விசாரித்தேன். 16 உடனே இருக்கிறது, 17 மறுநாள் எடுத்துத் தரலாம், 18 கொழும்பில் இருந்து வர வேண்டும் என்றார்கள். விதைப்புக் காலத்தில் ஒரு ரயருக்காகக் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

இதைத் தம்பியிடம் சொன்னபோது, "இவ்வளவு காசு குடுத்து ஆர் இரும்பு ரிம்மோட ஓடுவினம்?" என்று கேட்டான். நான் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் கராஜில் மூலையில் கிடந்த வெடித்த 18 அங்குல ரிம்களைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றிலும் கீழான கிரேட்டை எடுப்பதுதானே? இல்லை, இங்கேதான் நான், அடியை முதலில் பார்க்கும் மிதிவெடி நிறுவனத்துச் சாரதி ஐயாவோடு உடன்பட மாட்டேன். அவருடைய காலத்து வண்டிகளில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது: வண்டி வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் ஸ்டபிலிட்டி கொன்ட்ரோல். பக்கத் திரையாக விரியும் எயார்பேக்கும் அப்படித்தான். சில நாடுகளுக்கு வந்த கீழ் கிரேட்களில் முன் எயார்பேக் மட்டும்தான், சிலதில் ஸ்டபிலிட்டி கொன்ட்ரோலும் இல்லை. இவற்றை வெளியில் வாங்கிப் பூட்ட முடியாது. இரவில் A9 வீதியிலும் பரந்தன் முல்லைத்தீவு வீதியிலும் ஓடியவர்களுக்குத் தெரியும், தார் சூட்டுக்கு மாடுகள் வீதியின் நடுவில் படுத்திருக்கும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் யானை. பின்பெட்டி வெறுமையாக இருக்கும்போது கெப்பின் பின்பக்கம் பாரமில்லாமல் எளிதில் விலகும், அந்த நேரம் சடாரென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி சுழலும். அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு ஓடுகிற எனக்கு இது விலை பேசுகிற விஷயமே அல்ல. இந்த இரண்டும் எந்த கிரேட்டில் முழுமையாக வருகிறதோ, அதற்குக் கீழே இறங்கவே வேண்டாம். நல்ல ஹெட்லைட்டும் இதே கணக்கில் வரும். வெளியில் வாங்கிப் பூட்டும் மலிவான வெள்ளை லைட்டுகள் எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கின்றன, வீதியைச் சரியாகக் காட்டுவதில்லை.

ஒட்டுசுட்டானில் படிப்பிக்கும் என் மச்சாள் சுசுகியின் சின்ன ஃபோர் வீல் வண்டியான ஜிம்னியை எடுக்க ஆசைப்படுகிறாள், அவளுக்காக இதையும் எழுதுகிறேன். கிரேட் என்பதை விளங்கிக்கொள்ள ஜிம்னி மிக நல்ல உதாரணம். இந்தியாவில் 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி வந்தபோது ஸீட்டா, ஆல்ஃபா என்று இரண்டே கிரேட். லோ கியரோடு ஃபோர் வீல் இரண்டிலும். ஆறு எயார்பேக் இரண்டிலும். நில உயரம் 210 மில்லிமீட்டர் இரண்டிலும். ஆல்ஃபாவில் கூடுதலாக வருவது எல்ஈடி லைட், அலோய் ரிம், பெரிய திரை, தானாக இயங்கும் ஏசி. மனுவல் கியருக்கு வித்தியாசம் அப்போது 95,000 இந்திய ரூபா. ஜப்பான் ஜிம்னியில் எக்ஸ்ஜி, எக்ஸ்எல், எக்ஸ்சி என்று மூன்று, அங்கேயும் அடியில் உள்ள ஃபோர் வீல் மூன்றுக்கும் ஒன்றே. மேலே போகப் போகச் சேர்வதில் சூடாகும் சீட்டும் ஒன்று. வன்னியில் அதற்கு நாம் காசு கொடுக்கத் தேவையில்லை. மச்சாள், நீ ஜப்பான் வண்டி எடுத்தால், மோதலைத் தவிர்க்கத் தானாகப் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு அந்த கிரேட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார். மற்றதை விடு.

மேல் கிரேட் என்றாலே அலங்காரம்தான் என்று இதை வைத்து முடிவெடுத்துவிடவும் கூடாது. கனடாவில் இருக்கும் அத்தான் ஜீப் ராங்ளர் எடுப்பதற்கு முன் என்னிடம் கேட்டார். அங்கே கதை நேர்மாறு. ஸ்போர்ட், ஸஹாரா, ரூபிகொன் என்று வரிசை. ரூபிகொனில் முன்னுக்கும் பின்னுக்கும் லொக், லோ கியர் 4:1, ஸ்போர்ட்டில் அது 2.72:1. வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் முன் ஆடுதண்டைப் பொத்தானால் கழற்றிவிடும் வசதியும் ரூபிகொனில் வரும். கூடிய காசில் பெரும்பங்கு அடியில்தான் இருக்கிறது. ஸஹாராவில் அது பெரும்பாலும் உள்ளே, சீட்டிலும் திரையிலும். பாறை ஏறப் போகிறவருக்கு ரூபிகொன் பெறுமதி, பனிக்காலத்தில் வேலைக்குப் போய்வருகிறவருக்கு ஸ்போர்ட்டே போதும். நடுவில் உள்ளதை எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை என்று அவரிடம் நேரடியாகச் சொன்னேன்.

புதிதாக இறக்குமதி செய்ய நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வரியில் ஒரு பகுதி வாகனத்தின் பெறுமதியின் மேல் ஏறுகிறது, அதற்கு மேல் 18 வீதம் வற் வரி. அங்கே சின்ன விலைக்குச் சேர்த்த ஒரு அலங்காரம் இங்கே வந்து இறங்கும்போது அந்த விலையில் நிற்காது.

பழைய கெப் பார்க்கப் போகும்போது பின்கதவில் இருக்கும் பெயரை வைத்து கிரேட்டை முடிவெடுக்காதீர்கள், ஸ்டிக்கர் எங்கும் விற்கிறது. எங்கள் கராஜ் அண்ணையிடம் கொண்டுபோய் இப்படித்தான் பார்த்தோம். கிரவலில் நாலு சக்கரத்தையும் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடித்தால், வண்டி இறுகி இழுப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முன் சக்கரம் வேலை செய்யவில்லை. பிறகு முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டில் தூக்கி, கியரில் விட்டு ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். லொக்கைப் போட்டதும் அது சுற்றக்கூடாது. பக்கத்தில் மிதிபலகை பூட்டியிருந்தால் அதன் அடியில் அடிபட்ட தழும்பைப் பாருங்கள், வரம்பில் முதலில் முட்டுவது அதுதான். கொக்கிளாய், நாயாறுப் பக்கம் மீன் ஏற்றி ஓடிய வண்டி என்றால், எந்த கிரேட் ஆனாலும் பின்பெட்டிக்குக் கீழே சசியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

எக்ஸ்எல்டியைத்தான் எடுத்தோம். 17 ரிம்மைக் கழற்றி விற்றுவிட்டு, பிரேக் கலிப்பருக்கு இடம் காணும் என்று அளந்து பார்த்த பிறகு, 16 அங்குல இரும்பு ரிம்மும் களிக்கு ஏற்ற ரயரும் போட்டோம். கமராவும் ரெக்சின் உறையும் போட்டாயிற்று. மிதிபலகைகளைத் தம்பியே கழற்றி மாட்டுக் கொட்டிலுக்குள் வைத்தான். வட்டிக்குப் போகாமல் மிஞ்சிய காசு இன்னும் பாங்கில் இருக்கிறது. ஜேர்சியா, ஊர்ப் பசுவா என்பதில் அம்மாவும் அவனும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.